அட்டவணை பிறகு, முதலில் அளவு: நேரத்தைச் சமாளிக்க ஒரு செய்முறை

கால அட்டவணை போட்டு, மூன்றாம் நாளே அதைக் கைவிட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். நமக்கு மன உறுதி இல்லை என்றுதான் அப்போது நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் தவறு அட்டவணையில்தான் இருக்கும். எந்த வேலைக்கு உண்மையில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று தெரியாமலே போட்டது அது. அளவெடுக்காமல் துணி வெட்டினால் சட்டை எப்படிப் பொருந்தும்?

அதனால் இந்தச் செய்முறையில் அட்டவணை பின்னால்தான் வரும். தேவையானவை ஒரு சிறிய நோட்டு, ஒரு பேனா, போனில் இருக்கும் டைமர். புதிய ஆப் எதையும் இறக்க வேண்டாம். எது நல்ல ஆப் என்று தேடுவதிலேயே ஒரு மாலை போய்விடும்.

படி 1: மூன்று நாள் கணக்கு எழுதுங்கள்

இரண்டு வேலை நாள், ஒரு விடுமுறை நாள். வழக்கத்தில் எதையும் மாற்றாதீர்கள். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது மணியையும் இரண்டு சொல்லையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இரவில் உட்கார்ந்து மொத்தமாக எழுதினால் பயன் இல்லை. அதற்குள் பாதி மறந்திருக்கும், மீதி நமக்குச் சாதகமாக மாறியிருக்கும்.

என் நோட்டில் ஒரு காலை இப்படி இருந்தது:

6.10 எழுந்தேன்
6.12 போன்
6.41 பல் துலக்கல், குளியல்
7.05 சமையல்
7.50 சாவி தேடினேன்
8.02 கிளம்பினேன்

அலாரத்தை நிறுத்தக் கையில் எடுத்த போன், கீழே போக 29 நிமிடம் ஆகியிருக்கிறது. யாராவது கேட்டிருந்தால் "அஞ்சு நிமிஷம் இருக்கும்" என்று மனதாரச் சொல்லியிருப்பேன். சாவி தேடிய 12 நிமிடம் என் நினைவிலேயே இல்லை. நாள் முழுக்க இருந்த பரபரப்பு தொடங்கிய இடம் அதுதான் என்று அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

மூன்று நாள் முடிந்ததும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள். தூக்கம், வேலை, பயணம் போல மாற்ற முடியாதவை ஒரு வகை. நீங்களாக விரும்பிச் செய்தவை இரண்டாம் வகை. எப்படிப் போனது என்றே தெரியாதவை மூன்றாம் வகை. சும்மா படுத்திருந்ததையும் நண்பரோடு பேசிக்கொண்டிருந்ததையும் மூன்றாவதில் தள்ளிவிடாதீர்கள். ஓய்வு தேவைப்பட்டு எடுத்துக்கொண்டது என்றால் அது இரண்டாம் வகை.

படி 2: மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள்

வாரத்துக்கு 168 மணி நேரம். பெரியவர்களுக்கு இரவில் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. அதில் கை வைக்காதீர்கள். ஆக, தூக்கம் 49. வேலையும் பயணமும் நாளுக்கு 10 என்றால் ஐந்து நாளைக்கு 50. சமையல், சாப்பாடு, குளியல், வீட்டு வேலை நாளுக்கு 4 வீதம் 28. கூட்டினால் 127. மிச்சம் 41.

ஒரே துண்டாக அது கிடைக்காது. இங்கே இருபது நிமிடம், அங்கே அரை மணி நேரம் என்று சிதறிக் கிடக்கும். உங்கள் எண் வேறாகவும் இருக்கும். கைக்குழந்தையோ படுக்கையில் இருக்கும் பெரியவரோ வீட்டில் இருந்தால் மிச்சம் பத்து மணி நேரம்கூட வராது. அப்படி வந்தால் தயவுசெய்து உங்களை நீங்களே நொந்துகொள்ளாதீர்கள். எந்த அட்டவணையும் அங்கே உதவாது, வேலையைப் பங்குபோட ஆள் வேண்டும். இந்தக் கணக்கை வீட்டில் இருப்பவர்களிடம் அப்படியே காட்டுங்கள். "எனக்கு நேரமே இல்லை" என்ற புலம்பல் காதில் ஏறாத இடத்தில் எண்கள் பேசும்.

படி 3: உங்கள் கணிப்பைத் திருத்துங்கள்

இந்தப் படிக்காகத்தான் மற்ற எல்லாமே. ஒரு வேலை முடிய ஆகும் நேரத்தைக் குறைவாகவே கணிப்பது மனித இயல்பு என்று டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979-இல் எழுதினார்கள். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே மோசமாகப் போனால்? 49 நாள் என்றார்கள். கடைசியில் ஆனது 55 நாளுக்கு மேல். மோசமான நிலைமையை நினைத்துச் சொன்ன கணக்கும் போதவில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்று என் நோட்டிலேயே பார்த்தேன். மாதச் செலவுக் கணக்கை எழுதி அனுப்ப 20 நிமிடம் என்று போட்டிருந்தேன். ஆனது 55. பழைய கோப்பைத் தேட 10, விடுபட்ட ரசீதைக் கேட்டு வாங்க 15, எழுத 20, கூட்டலைச் சரிபார்த்து அனுப்ப 10. எழுதுவதற்கு நான் நினைத்த 20 மிகச் சரி. வேலைக்கு முன்னும் பின்னும் இருப்பதைத்தான் கணக்கில் எடுக்கவே இல்லை.

நோட்டின் ஒரு பக்கத்தில் மூன்று கோடு இழுங்கள்: வேலை, நினைத்தது, ஆனது. தொடங்கும் முன் இரண்டாவதை நிரப்புங்கள், முடிந்ததும் மூன்றாவதை. பத்து வேலை எழுதினாலே உங்கள் விகிதம் தெரிந்துவிடும். அதுவரை எதைக் கணித்தாலும் அதோடு பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். 40 நிமிடம் என்று தோன்றினால் 60 என்று எழுதுங்கள்.

படி 4: முந்தின இரவே மூன்று வேலை

இப்போது திட்டம் போடலாம். படுக்கும் முன் பத்து நிமிடம் போதும். நாளைக்கு எது நடந்தாலும் முடிக்க வேண்டிய மூன்று வேலைகளை மட்டும் எழுதுங்கள். மற்றவை நோட்டின் கடைசிப் பக்கத்தில் காத்திருக்கட்டும்.

"ரிப்போர்ட்" என்று ஒற்றைச் சொல்லில் எழுதாதீர்கள். காலையில் அதைப் பார்த்ததும் எங்கே தொடங்குவது என்று மலைப்பாக இருக்கும். "ரிப்போர்ட்டின் முதல் இரண்டு பக்கம், காலை டீ குடித்ததும், மேசையில்" என்று நேரமும் இடமும் சேர்த்து எழுதுங்கள். முடியாத வேலை மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்குமே, எப்போது எப்படிச் செய்வோம் என்று தெளிவாக எழுதிவிட்டாலே அந்தச் சுற்றல் குறைகிறது என்று 2011-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. எனக்கு இரவில் தூக்கம் பிடிப்பதில் நன்றாகவே வித்தியாசம் தெரிந்தது.

மூன்றில் ஒன்றாவது, நாளைக்குச் செய்யாவிட்டால் யாருமே கேட்காத வேலையாக இருக்கட்டும். உடற்பயிற்சி, படிப்பு, தள்ளிப்போட்டு வரும் மருத்துவப் பரிசோதனை. கேட்க ஆள் இல்லாததால்தான் இவை வருடக்கணக்கில் பின்னால் போகின்றன.

படி 5: நாளுக்குள் இடம் ஒதுக்குங்கள்

தலை தெளிவாக இருக்கும் நேரம் எது என்று முதல் மூன்று நாள் கணக்கிலேயே தெரியும். கடினமான வேலைக்கு அந்த நேரத்தைக் கொடுங்கள். உங்கள் கையில் இருக்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் காலியாகவே விடுங்கள். திடீரென்று வரும் வேலை எப்படியும் வரும், அதற்கு உட்கார இடம் வேண்டாமா?

உட்கார்ந்தவுடன் கவனம் சிதறுகிறதா? டைமரில் 25 நிமிடம் வையுங்கள், அப்புறம் 5 நிமிடம் எழுந்து நடங்கள். 1980-களின் இறுதியில் இத்தாலிய மாணவரான பிரான்செஸ்கோ சிரில்லோ தக்காளி வடிவச் சமையலறை டைமரை வைத்துத் தொடங்கிய முறை இது. எண்ணில் மந்திரம் ஒன்றும் இல்லை, 15 நிமிடம் என்றாலும் சரி. போன் மட்டும் அடுத்த அறையில் இருக்கட்டும்.

யாராவது கூப்பிட்டால் எழுந்திருக்கும் முன் ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள்: "அடுத்து, மூன்றாம் பத்தியில் தொகையைச் சரிபார்." திரும்பி வந்ததும் எங்கே விட்டோம் என்று யோசிக்கவே வேண்டாம். நான் சொல்லும் எல்லாவற்றிலும் மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பலன் தருவது இந்த ஒரு வரிதான்.

படி 6: "முடியாது" என்பதை நல்லபடியாகச் சொல்லுங்கள்

அட்டவணை உடைவது பெரும்பாலும் "சரி" என்று உடனே சொல்லிவிடும் இடத்தில்தான். "பார்த்துவிட்டு மாலைக்குள் சொல்கிறேன்" என்று பழகுங்கள். நண்பர் என்றால், "இந்த வாரம் முடியாதுப்பா, வியாழன் சாயங்காலம் அரை மணி நேரம் தர முடியும்" என்று சொல்லலாம். மேலதிகாரியிடம் மறுக்க முடியாதுதான். ஆனால் கேட்கலாம்: "சார், இதை இன்று முடிக்கச் சொன்னால், காலையில் கொடுத்ததை நாளைக்குத் தள்ளட்டுமா?" எதைத் தள்ளுவது என்ற முடிவை அவரே எடுக்கட்டும்.

படி 7: வாரம் ஒருமுறை 20 நிமிடம்

விடுமுறை நாளில் நோட்டைப் புரட்டுங்கள். மூன்று முறைக்கு மேல் தள்ளிப்போன வேலை இருந்தால் அதை இன்னும் சிறியதாக வெட்டுங்கள், அல்லது வேறு ஒருவரிடம் கொடுங்கள், அல்லது அடித்துவிடுங்கள். மூன்றுமே நல்ல முடிவுதான்.

நடுவில் ஒரு நாள் முழுக்கச் சரிந்தால் விட்டுப்போனதையெல்லாம் அடுத்த நாள் தலையில் ஏற்றாதீர்கள். மறுபடியும் மூன்று மட்டும்.

ஒரு மாதம் கழித்து மீண்டும் மூன்று நாள் கணக்கு எழுதி, பழைய பக்கங்களோடு வைத்துப் பாருங்கள். என் 12 நிமிடச் சாவித் தேடல் கதவுக்குப் பக்கத்தில் அடித்த ஓர் ஆணியில் தீர்ந்தது. அலாரத்துக்குத் தனிக் கடிகாரம் வாங்கிய பிறகு காலைப் போன் 29-லிருந்து 10 நிமிடத்துக்கு இறங்கியது, அதற்குக் கீழே இன்னும் இறங்கவில்லை. இந்த வாரம் சார்ஜரைக் கூடத்துக்கு மாற்றியிருக்கிறேன்.