வோல்ட்டைக் குறைக்க எந்த ரெசிஸ்டர்? முதலில் ஆம்பியரைக் கேளுங்கள்

9 வோல்ட் பேட்டரியின் பிளஸ் முனையில் ஒரு 470 ஓம் ரெசிஸ்டரை (மின்தடையை) மாட்டி, அதன் மறுமுனையில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். அப்போதும் 9 வோல்ட்தான் காட்டும். ரெசிஸ்டர் பழுதில்லை, மீட்டரும் சரிதான். டிஜிட்டல் மீட்டரின் உள் தடை பொதுவாக 10 மெகா ஓம். அதன் வழியே ஓடும் மின்னோட்டம் ஒரு மைக்ரோ ஆம்பியர்கூட இல்லை. அவ்வளவு சிறிய ஓட்டத்துக்கு 470 ஓமில் குறைவது அரை மில்லிவோல்ட்டுக்கும் கீழே.

புதிதாகத் தொடங்குபவர்கள் பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். "9 வோல்ட்டை 5 ஆக்க எத்தனை ஓம்?" என்ற கேள்விக்கு விடையே கிடையாது. ரெசிஸ்டரில் எவ்வளவு வோல்ட் குறையும் என்பதை அதன் வழியே ஓடும் மின்னோட்டம்தான் தீர்மானிக்கிறது. குறையும் வோல்ட் = ஆம்பியர் × ஓம். எனவே, இணைக்கப் போகும் பொருள் எவ்வளவு ஆம்பியர் இழுக்கும், அந்த அளவு மாறாமல் இருக்குமா என்று முதலில் பாருங்கள். எல்இடி, சிக்னல், மோட்டார் மூன்றுக்கும் மூன்று வேறு வழிகள் இருக்கின்றன.

எல்இடி: ரெசிஸ்டருக்குப் பொருத்தமான இடம்

எரியும் எல்இடியின் இரு கால்களுக்கிடையே வோல்ட் பெரிதாக மாறாது. சிவப்புக்கு ஏறக்குறைய 2 வோல்ட், நீலத்துக்கும் வெள்ளைக்கும் 3 முதல் 3.4 வரை. சாதாரண 5 மில்லிமீட்டர் எல்இடி 20 மில்லி ஆம்பியர் வரை தாங்கும். ஆனால் 20ஐத் தொட வேண்டியதில்லை. 10 முதல் 15 மில்லி ஆம்பியரிலேயே நன்றாக எரியும், நீண்ட நாள் உழைக்கும்.

9 வோல்ட் பேட்டரியில் ஒரு சிவப்பு எல்இடி எரிய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

1. ரெசிஸ்டரில் குறைய வேண்டியது: 9 − 2 = 7 வோல்ட்.
2. வேண்டிய ஓட்டம் 15 மில்லி ஆம்பியர், அதாவது 0.015 ஆம்பியர். 7 ÷ 0.015 = 467 ஓம்.
3. கடையில் 467 ஓம் கிடைக்காது. பரவலாகக் கிடைக்கும் வரிசை 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82, இவற்றின் பத்து மடங்குகள். கணக்கில் வந்ததற்கு அடுத்த பெரிய மதிப்பை எடுங்கள். இங்கே 470 ஓம்.
4. வெப்பத்தைப் பாருங்கள்: 7 வோல்ட் × 0.015 ஆம்பியர் = 0.105 வாட். சாதாரண கால் வாட் (0.25 வாட்) ரெசிஸ்டர் போதும்.

நான்காவது படியைத் தாண்டிப் போகாதீர்கள். இதே எல்இடியையும் 470 ஓமையும் அப்படியே 12 வோல்ட்டில் மாட்டினால் ஓட்டம் 21 மில்லி ஆம்பியரைத் தாண்டும், ரெசிஸ்டரில் 0.21 வாட் எரியும். கால் வாட் ரெசிஸ்டருக்கு அது கிட்டத்தட்ட எல்லை. தொட்டால் சுடும், பிரெட்போர்டின் (சாலிடர் இல்லாமல் பாகங்களைச் செருகும் பலகை) பிளாஸ்டிக்கும் இளகலாம். கணக்கில் வரும் வாட்டைப்போல் இரு மடங்கு தாங்கும் ரெசிஸ்டரைப் போடுவது நல்ல பழக்கம். 12 வோல்ட்டுக்கு 1 கிலோ ஓம் போடுங்கள். 10 மில்லி ஆம்பியர், 0.1 வாட், நிம்மதி.

அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டை அப்படியே நம்ப வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பழைய கனமான 12 வோல்ட் அடாப்டர்கள் சுமை இல்லாதபோது 15, 16 வோல்ட்கூடக் காட்டும். மீட்டரில் அளந்த மதிப்பையே கணக்கில் போடுங்கள்.

ஐந்து எல்இடிகளைப் பக்கவாட்டில் (பேரலலாக) இணைத்து ஒரே ரெசிஸ்டரால் ஒப்பேற்றுவதும் அடிக்கடி நடக்கிறது. எந்த இரண்டு எல்இடியின் வோல்ட்டும் துல்லியமாக ஒன்றாக இருக்காது. குறைந்த வோல்ட் உள்ளது அதிக ஓட்டத்தை இழுத்துச் சீக்கிரம் கெடும், பிறகு மிச்சமுள்ளவற்றின் மேல் சுமை ஏறும். ஒவ்வொன்றுக்கும் தனி ரெசிஸ்டர் போடுங்கள். 12 வோல்ட் என்றால் மூன்று சிவப்பு எல்இடிகளைத் தொடராக இணைத்து ஒரு 470 ஓம் போடலாம். மீதி 6 வோல்ட்டுக்கு ஏறக்குறைய 13 மில்லி ஆம்பியர் ஓடும்.

3.3 வோல்ட்டில் நீல எல்இடி போடுபவர்கள் கவனிக்க: எல்இடி 3.2 வோல்ட் எடுத்தால் ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது 0.1 வோல்ட்தான். ஒரு எல்இடி எரியும், அதே பையிலிருந்து எடுத்த இன்னொன்று மங்கும். அங்கே சிவப்புக்கு மாறுங்கள், அல்லது 5 வோல்ட்டிலிருந்து கொடுங்கள்.

நிறப்பட்டையில் ஏமாறாமல் இருக்க

ரெசிஸ்டரின் மதிப்பை அதன் மேலுள்ள நிறப்பட்டைகள் சொல்லும். 470 ஓம் என்றால் மஞ்சள், ஊதா, பழுப்பு, கடைசியில் தங்கம். மூன்றாவது பட்டை ஆரஞ்சாக இருந்தால் அது 47 கிலோ ஓம், எல்இடி எரிவதே தெரியாது. மஞ்சள் விளக்கொளியில் பழுப்பும் ஆரஞ்சும் சிவப்பும் ஒன்றுபோலவே தெரியும். நீல உடம்புள்ள ஒரு சதவீத ரெசிஸ்டர்களில் பட்டைகள் ஐந்து, எந்தப் பக்கம் தொடங்குவது என்பதிலேயே குழப்பம் வரும். சர்க்யூட்டில் செருகும் முன் மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து அளந்துவிடுங்கள். சர்க்யூட்டில் இருக்கும்போது அளந்தால் மற்ற பாகங்களும் கணக்கில் சேர்ந்து தவறான எண் வரும்.

சிக்னல்: இரண்டு ரெசிஸ்டர் வேண்டும்

தூரம் அளக்கும் ஹெச்சி-எஸ்ஆர்04 அல்ட்ராசோனிக் சென்சார் 5 வோல்ட்டில் ஓடுகிறது. அதன் எக்கோ பின் (சிக்னல் வெளிவரும் கால்) தருவதும் 5 வோல்ட். இஎஸ்பி32 என்ற சிறு வைஃபை கன்ட்ரோலர் போர்டின் பின்களோ 3.3 வோல்ட்டுக்கானவை. அந்தப் பின் இழுக்கும் ஓட்டம் அநேகமாகப் பூஜ்யம் என்பதால், தொடரில் ஒற்றை ரெசிஸ்டர் வைத்து இதைச் சரியாகக் குறைக்க முடியாது. தொடக்கத்தில் பார்த்த மல்டிமீட்டர் சோதனையின் அதே நிலைமை. ஆகவே ஓட்டத்துக்கு நாமே ஒரு பாதை போட்டுக் கொடுக்க வேண்டும். அதுதான் வோல்டேஜ் டிவைடர்.

எக்கோவிலிருந்து 1.8 கிலோ ஓம், அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு (மைனஸுக்கு) 3.3 கிலோ ஓம். இரண்டும் சேரும் புள்ளியிலிருந்து இஎஸ்பி32 பின்னுக்கு ஒயர். கணக்கு: 5 × 3.3 ÷ (1.8 + 3.3) = 3.24 வோல்ட். ஓடுவது ஒரு மில்லி ஆம்பியர் அளவு.

இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் புள்ளியில் 1.76 வோல்ட்தான் வரும். இஎஸ்பி32 அதை 'ஹை' என்று ஏற்க ஏறக்குறைய 2.5 வோல்ட் தேவை என்பதால், சென்சார் எப்போதும் பூஜ்யமே காட்டும். சென்சாரைக் குறை சொல்லும் முன் இதைப் பாருங்கள். 3.3 கிலோ ஓமின் கிரவுண்ட் ஒயர் கழன்றிருந்தால் ஆபத்து எதிர்த்திசையில்: பின்னுக்கு 5 வோல்ட் நேராகப் போய்விடும். பிரெட்போர்டில் முதலில் கிரவுண்டையும் டிவைடரையும் போட்டு, புள்ளியை அளந்து, கடைசியாகப் பின்னை இணையுங்கள்.

விகிதம் சரியாக இருந்தாலே போதாது. 18, 33 ஓம் போட்டால் விகிதம் அதேதான், ஆனால் எக்கோ பின்னிலிருந்து 98 மில்லி ஆம்பியர் கேட்கும். மெகா ஓம்களில் போட்டால் இரைச்சல் ஏறும், சிக்னல் மந்தமாகும். 1 முதல் 20 கிலோ ஓம் வரை வசதியான எல்லை.

இந்த ஏற்பாடு ஒருவழிச் சிக்னலுக்கு மட்டும். ஐ2சி போல இருபுறமும் பேசும் இணைப்புகளுக்கு லெவல் ஷிஃப்டர் (இரு திசையிலும் வோல்ட்டை மாற்றித் தருவது) மாட்யூல் வாங்குங்கள்.

மோட்டார், போர்டு, மாட்யூல்: ரெசிஸ்டரே வேண்டாம்

3 வோல்ட் பொம்மை மோட்டாரை 9 வோல்ட்டில் ஓட்ட எண்ணுகிறீர்கள். ஓடும்போது 150 மில்லி ஆம்பியர் என்றால், 6 ÷ 0.15 = 40 ஓம் என்று கணக்கு சொல்லும், கூடவே 0.9 வாட் வெப்பம். ஆனால் நின்றிருக்கும் மோட்டார் சில ஓம் கம்பிச்சுருள் மட்டுமே. அது 3 ஓம் என்றால், தொடக்கத்தில் மோட்டாருக்குக் கிடைப்பது 9 × 3 ÷ 43 = 0.63 வோல்ட். மோட்டார் சுற்றாது, ரெசிஸ்டர் கருகும்.

வைஃபை போர்டுகளும் அப்படியே. அனுப்பும் நொடியில் ஓட்டம் எகிறும், வோல்ட் சரியும், போர்டு திரும்பத் திரும்ப ரீசெட் ஆகும். டிவைடரிலிருந்து மின்சாரம் எடுப்பதும் இதே காரணத்தால் பலிக்காது.

இவற்றுக்கு, ஓட்டம் மாறினாலும் வோல்ட்டை மாறாமல் தரும் ரெகுலேட்டர்தான். சிறிய சுமைக்கு 7805 என்ற ரெகுலேட்டர் ஐசி போதும். 5 வோல்ட் தர அதற்குக் குறைந்தது 7 வோல்ட் உள்ளே வர வேண்டும். 12 வோல்ட்டிலிருந்து அரை ஆம்பியர் எடுத்தால் 3.5 வாட் வெப்பமாகும், ஹீட்சிங்க் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடு) கட்டாயம். அதற்கு மேல், வோல்ட்டைக் குறைத்துத் தரும் எல்எம்2596 பக் மாட்யூலே நல்லது, வீணாகும் மின்சாரம் மிகக் குறைவு. அதன் வெளியீட்டில் எதையும் இணைக்காமல், உள்ளீட்டுக்கு மட்டும் 12 வோல்ட் கொடுத்து, மீட்டரைப் பார்த்தபடி நீலப் பெட்டியின் சிறு திருகைத் திருப்புங்கள். அது பல சுற்றுத் திருகு. தொடக்கத்தில் சில சுற்றுகளுக்கு எண் அசையாமலும் இருக்கலாம், பொறுமையாகத் தொடருங்கள். 5.0 காட்டிய பிறகு மின்சாரத்தை நிறுத்திச் சுமையை இணைத்து, மறுபடி கொடுத்து, சுமையோடு ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். உள்ளீட்டில் பிளஸ் மைனஸ் மாறினால் மாட்யூல் அந்தக் கணமே போய்விடும்.