யார் பார்ப்பார்கள்? பார்வையாளரைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக யூடியூப் சேனல் தொடங்கும் ஒருவரிடம் "உங்கள் வீடியோவை யார் பார்ப்பார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "எல்லாரும்தான்" என்பார். கொஞ்சம் விவரம் தெரிந்தவர் என்றால் "18 முதல் 35 வயது வரை உள்ளவர்கள்" என்பார். முதல் பதிலை இப்போது யாரும் பெரிதாக நம்புவதில்லை. இரண்டாவதுதான் ஆபத்து, ஏனென்றால் அது யோசித்துச் சொன்ன பதில் மாதிரியே இருக்கிறது.

வயது, பாலினம், வருமானம் என்று மக்களைப் பிரித்து வைப்பது விளம்பரம் விற்பவர்களுக்கு உதவும். வீடியோவை எங்கே ஆரம்பிப்பது, எதை விடுவது, எத்தனை நிமிடத்தில் முடிப்பது என்று முடிவு செய்ய வேண்டிய உங்களுக்கு அதனால் பைசா பிரயோஜனம் இல்லை.

எக்ஸெல் சொல்லித்தரும் ஒரு சேனலை எடுத்துக்கொள்வோம். யாரோ ஒருவர் அவசரமாக ஓர் அறிக்கை தயாரித்துக்கொண்டிருக்கிறார். 1-1-2025 என்று இருந்த இடத்தில் திடீரென்று 45658 என்று வந்து நிற்கிறது. பதறிப்போய்த் தேடுகிறார். எக்ஸெல் தேதியை உள்ளுக்குள் எண்ணாகத்தான் வைத்திருக்கிறது. வழக்கமான அமைப்பில் 1900 ஜனவரி 1-ஐ 1 என்று வைத்து ஒவ்வொரு நாளாக எண்ணிக்கொண்டே வரும். அந்தக் கட்டத்தின் ஃபார்மேட் 'ஜெனரல்' என்று மாறினால் எண் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். இவருக்கு வயது 22-ஆ 51-ஆ என்பதால் உங்கள் வீடியோவில் ஒரு நொடிகூட மாறப்போவதில்லை. அவருக்குத் தேவை, முதல் அரை நிமிடத்துக்குள் எந்த மெனுவைத் திறந்து எதைத் தேர்ந்தெடுப்பது என்பது. "வணக்கம் நண்பர்களே, பெல் பட்டனை அழுத்திவிட்டீர்களா" என்று நீங்கள் ஆரம்பித்தால் அவர் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்.

அதே எக்ஸெல்லைத் தேடி இன்னொருவர் வருகிறார். அடுத்த மாதம் வேலைக்கான நேர்முகத் தேர்வு. அடிப்படையிலிருந்து வரிசையாகக் கற்க வேண்டும். இவர் 40 நிமிட வீடியோவுக்கும் பொறுமையாக உட்காருவார். தலைப்பு ஒன்றாக இருந்தாலும் இவர்கள் இரண்டு தனித்தனிக் கூட்டம். பலரும் இருவரையும் ஒரே வீடியோவில் திருப்திப்படுத்தப் பார்த்து இருவரையும் இழக்கிறார்கள். வயதைக் கேட்பதை விட்டுவிட்டு, எந்த வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு இவர் என் வீடியோவுக்கு வருகிறார் என்று கேளுங்கள்.

கற்பனையில் பிறந்த ரசிகர்

'பெர்சோனா' என்று ஒன்றைத் தயாரிக்கச் சொல்வார்கள். பார்வையாளருக்கு ஒரு பெயர், ஒரு படம், பிடித்த பொழுதுபோக்கு எல்லாம் எழுதி வைப்பது. 1990-களின் இறுதியில் இந்த முறையைப் பரவலாக்கியவர் மென்பொருள் வடிவமைப்பாளர் ஆலன் கூப்பர். மென்பொருளை உண்மையில் பயன்படுத்துகிறவர்களிடம் பேசி, அவர்கள் என்ன செய்ய முயல்கிறார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகே பெர்சோனாவை உருவாக்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. இப்போது பேச்சு போய்விட்டது, படிவம் மட்டும் மிச்சம். யாரிடமும் பேசாமல் நிரப்பும் அந்தப் படிவத்தில் பெரும்பாலும் வந்து உட்காருவது நீங்களேதான்.

பேச ஆள் கிடைக்கவில்லை என்றால் கமென்ட்டுகளைப் படிக்கலாம். உங்கள் சேனலில் கமென்ட்டே இல்லையா, அதே துறையில் இருக்கும் பெரிய சேனல்களுக்குப் போங்கள். "சூப்பர் சார்" வகையறாவைத் தாண்டிக் கீழே போனால், "நீங்க சொன்ன அந்த பட்டனே என் ஸ்கிரீன்ல இல்லையே" என்று ஒருவர் கேட்டிருப்பார். பதில் இருக்காது. அந்த ஒரு வரியில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள்: அவர் பழைய பதிப்பு வைத்திருக்கலாம், அல்லது போனில் முயன்றுகொண்டிருக்கலாம், வீடியோ போட்டவர் அதை நினைத்தே பார்க்கவில்லை. இப்படிப் பதில் கிடைக்காத கேள்விகள் பத்து சேர்ந்தால், உங்களுக்கான கூட்டம் எங்கே நிற்கிறது என்று ஓரளவு தெரிந்துவிடும்.

சேனலின் புள்ளிவிவரங்களைக் காட்டும் யூடியூப் அனலிட்டிக்ஸில், தேடலிலிருந்து வந்தவர்கள் என்னென்ன சொற்களைத் தட்டித் தேடினார்கள் என்றும் பார்க்க முடியும். இணையதளம் வைத்திருப்பவர்களுக்கு அதே வேலையை கூகுள் சர்ச் கன்சோல் செய்கிறது. ஒரு சொல்லைத் தேடும் ஆர்வம் எப்படி ஏறி இறங்குகிறது என்று காட்டும் கூகுள் ட்ரெண்ட்ஸைப் பார்க்கும்போது மட்டும் கொஞ்சம் கவனம். அதில் 100 என்று காட்டினால் நிறையப் பேர் தேடுகிறார்கள் என்று அர்த்தமாகாது. நீங்கள் தேர்ந்தெடுத்த காலத்தில், அந்தச் சொல்லுக்கான ஆர்வம் உச்சத்தில் இருந்த கட்டம் 100. மற்றவை அதோடு ஒப்பிட்ட அளவு. யாரும் அதிகம் தேடாத சொல்லுக்கும் ஏதோ ஒரு நாள் 100 வரத்தான் செய்யும்.

சொந்தக்காரர்கள், சக கிரியேட்டர்கள்

முதல் நூறு சப்ஸ்கிரைபர்கள் நண்பர்களும் உறவினர்களுமாக இருப்பது இயல்பு. அவர்கள் பாராட்டை வைத்து அடுத்த வீடியோவைத் திட்டமிடுவதுதான் வினை. சித்தப்பா "பிரமாதம்" என்பது உங்களுக்கான பாராட்டு. வீடியோவை அவர் பாதி கூடப் பார்த்திருக்க மாட்டார்.

"நீ எனக்கு சப்ஸ்கிரைப் பண்ணு, நான் உனக்குப் பண்றேன்" என்ற பண்டமாற்று இதைவிட மோசம். யூடியூபின் விதிகளே இதைத் தடை செய்கின்றன. விதியை விடுங்கள், கணக்குப்படியும் இதில் லாபம் இல்லை. விளம்பர வருமானத்துக்கு 1,000 சப்ஸ்கிரைபர்கள் மட்டும் போதாது. கூடவே 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வை, அல்லது 90 நாட்களில் ஷார்ட்ஸ் எனும் குட்டி வீடியோக்களுக்கு 1 கோடி வியூஸ் வேண்டும். பண்டமாற்றில் வந்தவர் அந்த 4,000 மணி நேரத்தில் பத்து நிமிடம்கூடத் தரமாட்டார்.

சக கிரியேட்டர்கள் விஷயம் கொஞ்சம் நுட்பமானது. போனில் குழந்தைகளை அழகாகப் படமெடுக்கப் பெற்றோருக்குச் சொல்லித்தர ஒருவர் ஆரம்பிக்கிறார். கமென்ட்டில் வந்து விவாதிப்பவர்கள் எல்லாரும் புகைப்படக்காரர்கள். அவர்கள் கேட்பதற்கேற்ப லென்ஸ், சென்சார் என்று பேச்சு மாறுகிறது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் பெற்றோர் ஒருவர்கூட அங்கே இல்லை. அதிகம் பேசுபவர்கள்தான் அதிகம் பார்க்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஷார்ட்ஸ் தரும் போதை

ஒரு ஷார்ட்ஸ் லட்சக்கணக்கில் ஓடிவிட்டால் 'இதுதான் என் கூட்டம்' என்று தோன்றிவிடும். 2025 மார்ச் 31 முதல், ஒரு ஷார்ட்ஸ் ஓட ஆரம்பித்தாலோ மறுபடி ஓடினாலோ யூடியூப் அதை ஒரு வியூவாக எண்ணுகிறது. குறைந்தபட்சம் இத்தனை நொடி பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. விரலால் தள்ளிவிட்டுப் போனவரும் அந்த எண்ணிக்கையில் இருக்கிறார். நின்று பார்த்தவர்களின் கணக்கை அனலிட்டிக்ஸ் தனியாகக் காட்டுகிறது, விளம்பர வருமானத்துக்கு வேண்டிய அந்த 1 கோடிக்கும் அதுதான் கணக்கு. ஷார்ட்ஸ் ஃபீடில் கிடைக்கும் பார்வை நேரம் மேலே சொன்ன 4,000 மணியிலும் சேராது. எக்ஸெல் சேனலில் ஒரு நகைச்சுவை ஷார்ட்ஸ் ஓடியது என்பதற்காக நகைச்சுவைக்குத் தாவினால், புதிதாக வந்தவர்களும் நிற்பது சந்தேகம், பழையவர்களும் போய்விடுவார்கள்.

குழந்தைகளுக்கு வீடியோ செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பார்ப்பது குழந்தை, தேர்ந்தெடுப்பது பெற்றோர். தலைப்பும் தம்ப்நெயிலும் யாருக்கு என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். அப்புறம், 2020 ஜனவரியிலிருந்து குழந்தைகளுக்கானது என்று குறிக்கப்பட்ட வீடியோக்களில் யூடியூப் கமென்ட்டை மூடிவிடுகிறது, பார்ப்பவரின் விருப்பத்தைப் பார்த்துக் காட்டும் தனிப்பயன் விளம்பரங்களும் கிடையாது. பார்வையாளர் சொல்வதைக் கேட்கும் முக்கியமான வழியும், வருமானத்தில் ஒரு பகுதியும் ஆரம்பத்திலேயே போய்விடும்.

ஆயிரம் பேர் கணக்கு

"ஆயிரம் உண்மையான ரசிகர்கள் போதும்" என்பதை எல்லாரும் சொல்கிறார்கள். அமெரிக்க எழுத்தாளர் கெவின் கெல்லி 2008-ல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. அவர் போட்ட கணக்கில் ஒவ்வொரு ரசிகரும் ஆண்டுக்கு 100 டாலர் செலவழிக்கிறார், அதுவும் இடையில் யாருமில்லாமல் நேரடியாகப் படைப்பாளிக்கு. அந்தப் பகுதியை வசதியாக மறந்துவிட்டு, ஆயிரம் ஃபாலோயர் வந்ததும் வேலையை விடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஃபாலோ பட்டனை அழுத்துவதற்கு ஒரு நொடி போதும். நீங்கள் எது செய்தாலும் காசு கொடுத்து வாங்கும் ஆளைப் பற்றித்தான் கெல்லி பேசினார்.

வந்தவரை விட்டுவிட்டு வராதவரைத் தேடுவது

யூடியூபே 2005-ல் ஜோடி தேடுபவர்கள் தங்களைப் பற்றி வீடியோ போடும் தளமாகத்தான் யோசிக்கப்பட்டது என்று அதைத் தொடங்கியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அப்படி யாரும் போடவில்லை, எந்த வீடியோவையும் போடலாம் என்று திறந்துவிட்டார்கள். எதிர்பார்த்த கூட்டம் வராமல் வேறு ஒரு கூட்டம் வந்து நிற்கும்போது, 'இவர்கள் நமக்கானவர்கள் இல்லை' என்று ஒதுக்கிவிட்டு முதல் திட்டத்தையே பிடித்துத் தொங்குபவர்கள் அதிகம். இதற்கு நேர்மாறாக மூன்றாவது வீடியோவிலேயே தலைப்பை மாற்றுபவர்களும் இருக்கிறார்கள். கையில் பத்துப் பதினைந்து வீடியோக்களாவது இல்லாமல் எதையும் தீர்மானிக்க முடியாது.

வந்தவர் யார் என்று தெரிந்த பிறகும் ஒரு குழப்பம் மிச்சம் இருக்கும். 45658-ஐத் தேடி வந்தவர், தேதி சரியானதும் போய்விடுவார். திரும்பி வருபவர்களின் எண்ணிக்கை குறைவாக இருக்கிறதே என்று அந்த வீடியோவை வைத்துக் கவலைப்பட வேண்டாம், அதன் வேலை முடிந்துவிட்டது. அடிப்படைப் பாடத் தொடரின் மூன்றாம் பாகம் வரை வந்தவர்கள் நான்காவதைத் திறக்கிறார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும். திறக்கவில்லை என்றால் மூன்றாவதில் எந்த இடத்தில் கோடு சரிகிறது என்று, எத்தனை பேர் எதுவரை பார்த்தார்கள் எனக் காட்டும் பார்வை நீடிப்பு வரைபடத்தில் தேடுங்கள், ஃபார்முலா ஆரம்பிக்கும் இடமாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.