கரண்ட் பில் ஏன் ஏறியது? மீட்டர் விளக்கை எண்ணிக் கண்டுபிடிக்கும் முறை

சித்திரை, வைகாசி இரண்டு மாதத்துக்கும் சேர்த்து எங்கள் வீட்டுக் கரண்ட் பில் 2993 ரூபாய் வந்தது. அதற்கு முந்தைய பில் 1364 தான். பெருந்துறைப் பக்கம் சாதாரண ஓட்டு வீடு, நான்கு பேர் இருக்கிறோம், ஏசி கிடையாது. பில்லைப் பார்த்ததும் அத்தை, "அம்மிணி, பகல்ல அந்த ஃபேனை நிறுத்திட்டுத் திண்ணையில வந்து உக்காரலாமல்லோ" என்றார். நான் கிரைண்டரைச் சந்தேகப்பட்டேன். வீட்டுக்காரர் மீட்டரே தப்பாக, வேகமாக ஓடுகிறது என்று சொன்னார். மூன்று நாள் உட்கார்ந்து கணக்குப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அத்தை சொன்னதில் மட்டும் கொஞ்சம் உண்மை இருந்தது. மற்ற இரண்டும் வீண் சந்தேகம்.

கண்டுபிடிக்க ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை. ஒரு பேனா, ஒரு நோட்டு, செல்போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச், இவ்வளவுதான். எலக்ட்ரீஷியன் வேலை தெரியாதவர்களும் செய்யலாம். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: மீட்டர் பெட்டியின் சீலைத் தொடாதீர்கள், எந்த ஒயரையும் கழற்றாதீர்கள். நாம் செய்யப் போவது பார்ப்பதும் எண்ணுவதும்தான்.

படி 1: ரூபாயை மறந்துவிட்டு யூனிட்டைப் பாருங்கள்

பில் இரண்டு மடங்கு ஆனால் கரண்டும் இரண்டு மடங்கு செலவானது என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. எங்கள் பழைய பில் 430 யூனிட், புதியது 612 யூனிட். யூனிட் பாதிகூடக் கூடவில்லை, ஆனால் பணம் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. காரணம் 500 என்ற கோடு.

தமிழ்நாட்டில் ஜூலை 2024-இல் மாறிய வீட்டு இணைப்புக் கட்டணத்தை வைத்துச் சொல்கிறேன். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. சரியாக 500 யூனிட் என்றால் 1805 ரூபாய்.

ஒரே ஒரு யூனிட் தாண்டி 501 ஆகிவிட்டால் வேறு பட்டியல் வந்துவிடும். முதல் 100 அப்போதும் இலவசம்தான். ஆனால் 101-இல் தொடங்கி 400 வரை எல்லாமே 4.70. அதாவது 2.35 என்ற சலுகை விலை முழுசாகப் போய்விடும். 401 முதல் 500 வரை அதே 6.30. 501-ஆவது யூனிட்டிலிருந்து 8.40, 601-இலிருந்து 9.45, 801-இலிருந்து 10.50, ஆயிரத்தைத் தாண்டினால் 11.55. இதன்படி 501 யூனிட்டுக்கு 2048 ரூபாய் வரும். அந்த ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய்!

ஆகவே உங்கள் பழைய பில்களை எடுத்து, யூனிட்டை மட்டும் வரிசையாக எழுதுங்கள். பில் இல்லையென்றால் மின்வாரிய இணையதளத்தில் சர்வீஸ் நம்பரைப் போட்டால் கிடைக்கும். நம்பர் உங்களுடையதுதானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கோவை மண்டலம் 03 என்றும் ஈரோடு மண்டலம் 04 என்றும் தொடங்கும். போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். மார்கழியையும் சித்திரையையும் ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம். பில் தொகையில் பழைய பாக்கியோ கூடுதல் வைப்புத்தொகையோ சேர்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். அப்படி இருந்தால் பாதிப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும்.

படி 2: நாட்களை எண்ணுங்கள்

ரீடிங் எடுத்த இரண்டு தேதிகளுக்கு நடுவே எத்தனை நாள்? ரீடிங் எழுதும் அட்டையில் தேதி இருக்கும். ஒரு நாளைக்கு 8 யூனிட் செலவாகும் வீட்டில் 60 நாளில் 480 யூனிட், 1679 ரூபாய். ரீடிங் எடுக்க வருபவர் ஆறு நாள் தள்ளி வந்தால் 528 யூனிட். அதற்கு 2275 ரூபாய். வீடு பூட்டியிருந்து ரீடிங் எடுக்காமல் போனாலும் அடுத்த பில்லில் கணக்குக் குழம்பும். எங்களுக்கு 60 நாள் சரியாக இருந்தது, அதனால் அடுத்த படிக்குப் போனோம்.

படி 3: மீட்டரின் சிவப்பு விளக்கைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இதுதான் முக்கியமான இடம், நிதானமாகப் படியுங்கள். டிஜிட்டல் மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். அது சும்மா அழகுக்கு எரியவில்லை. அதன் அருகில் ஒரு எண் அச்சடித்திருக்கும், பல வீட்டு மீட்டர்களில் 3200. பக்கத்தில் ‘இம்ப்’ என்று ஆங்கில எழுத்தில் சுருக்கமாக இருக்கும். விளக்கு 3200 தடவை சிமிட்டினால் ஒரு யூனிட் என்று பொருள்.

இப்போது 60,000-ஐ அந்த எண்ணால் வகுங்கள். 3200 என்றால் 18.75 வரும். நிமிடத்துக்கு ஒரு சிமிட்டல் என்றால் அந்த நேரத்தில் வீடு இழுப்பது 18.75 வாட். நான்கு சிமிட்டல் என்றால் 75 வாட், ஒரு பழைய சீலிங் ஃபேன் அளவு. உங்கள் மீட்டரில் 1600 என்று இருந்தால் ஒரு சிமிட்டல் 37.5 வாட்.

இன்னொரு கணக்கையும் நோட்டில் எழுதி வையுங்கள். 3200 மீட்டரில் நிமிடத்துக்கு ஒரு சிமிட்டல் வீதம் இரவு பகலாக 60 நாள் ஓடினால் 27 யூனிட் ஆகிவிடும். சிமிட்டும் அந்தச் சின்ன விளக்கை எங்கள் வீட்டில் பதினைந்து வருடமாக யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. வருத்தமாகத்தான் இருந்தது.

படி 4: ராத்திரிச் சோதனை

எல்லோரும் படுக்கப் போகும் முன் லைட், ஃபேன், டிவி, செட்டாப் பாக்ஸ், வைஃபை எல்லாவற்றையும் அணையுங்கள். பிரிட்ஜ் பிளக்கையும் பத்து நிமிடம் பிடுங்கி வைக்கலாம், ஒன்றும் கெட்டுப்போகாது. பிறகு டார்ச்சோடு மீட்டர் முன்னால் நின்று ஐந்து நிமிடம் எண்ணுங்கள். ஒன்றுமே ஓடவில்லை என்றால் விளக்கு சிமிட்டக் கூடாது.

எங்கள் வீட்டில் ஐந்து நிமிடத்தில் 20 தடவை சிமிட்டியது. அதாவது நிமிடத்துக்கு நான்கு. யாரும் எதுவும் போடாத வீட்டில் ஒரு ஃபேன் ஓடுகிற அளவுக்குக் கரண்ட் போய்க்கொண்டிருந்தது. பில்லுக்கு 108 யூனிட்!

இப்படி வந்தால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மறுபடி எண்ணுங்கள். மெயினை அணைத்த பிறகும் சிமிட்டினால் மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவே கோளாறு அல்லது மீட்டரிலேயே கோளாறு. அதை நாம் தொடக் கூடாது, மின்வாரியத்திடம்தான் சொல்ல வேண்டும். சிமிட்டல் நின்றுவிட்டால் குற்றவாளி வீட்டுக்குள்ளே இருக்கிறது. மெயினைப் போட்டுவிட்டு, டிரிப் சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வாருங்கள். எதை அணைத்ததும் விளக்கு அடங்குகிறதோ அந்த லைனில் தேடுங்கள்.

எங்கள் வீட்டில் அது இன்வெர்ட்டர். 2012-இல் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போன காலத்தில் கடன் வாங்கி வைத்தது. இப்போது எப்போதாவதுதான் கரண்ட் போகிறது, அதனால் அப்படி ஒன்று இருப்பதையே மறந்துவிட்டோம். பேட்டரிக்கு ஆறு வயது ஆகிவிட்டது. தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருந்தது, அடிக்கடி தண்ணீர் குடித்தது. இவை இரண்டும் பேட்டரி ஓய்ந்துவிட்டதற்கு அடையாளம். ஓய்ந்த பேட்டரி நிறையவே நிறையாது, சார்ஜர் விடாமல் கரண்டை ஊற்றிக்கொண்டே இருக்கும். பேட்டரி மாற்றிய பிறகு நான்கு சிமிட்டல் ஒன்றாகக் குறைந்தது. மிச்சம் 81 யூனிட்.

படி 5: ஒவ்வொரு சாமானாக எண்ணுங்கள்

மறுநாள் பகலில், மற்றதெல்லாம் அணைத்திருக்க, ஒவ்வொன்றாகப் போட்டு ஒரு நிமிடம் எண்ணுங்கள். வாட்டை மட்டும் எழுதினால் போதாது, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதையும் பக்கத்தில் எழுத வேண்டும். வாட்டை மணி நேரத்தால் பெருக்கி, 60 நாளால் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் பில்லுக்கு எத்தனை யூனிட் என்று வந்துவிடும்.

கிரைண்டர் இங்கேதான் தப்பித்தது. 150 வாட், வாரம் மூன்று நாள் அரை மணி நேரம். இரண்டு மாதத்துக்கும் சேர்த்து இரண்டு யூனிட்தான். சத்தம் போடுவதால் அதன் மேல் பழி. சத்தமே போடாத பழைய ஃபேன் ஒன்று நாளைக்கு 12 மணி நேரம் சுற்றினால் 54 யூனிட். அதே இடத்தில் 30 வாட் பி.எல்.டி.சி ஃபேன் (குறைந்த கரண்டில் ஓடும் புது வகை) என்றால் 22 யூனிட் தான். வெயிலுக்காகப் பகலிலும் இரண்டு ஃபேன் ஐந்து ஐந்து மணி நேரம் கூடுதலாக ஓடியதில் எங்களுக்கு 45 யூனிட் ஏறியிருந்தது. அத்தை சொன்ன உண்மை இதுதான். அதற்காக வெயில் காலத்தில் வயதானவர்களை ஃபேன் இல்லாமல் உட்காரச் சொல்லாதீர்கள்.

கீசர் 2000 வாட், நாளைக்கு அரை மணி என்றால் 60 யூனிட். போர் தண்ணீர் உப்பு என்றால் காயிலில் சுண்ணாம்பு படிந்து சூடேற நேரம் ஆகும், வருடம் ஒரு தடவை சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பிரிட்ஜ் கதவில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், தாள் சுலபமாக வந்தால் ரப்பர் மாற்ற வேண்டும். ஏசி உள்ளவர்கள் 24 டிகிரியில் வைத்து மேலே ஃபேனையும் போட்டுக்கொள்ளுங்கள்.

திருப்பூரில் இருக்கும் நங்கையா (அண்ணியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) வீட்டிலேயே பவர் மெஷின் வைத்துத் தைக்கிறார். அவரையும் எண்ணச் சொன்னேன். மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டுத் துணியை மடிக்கும் நேரத்திலும் நிமிடத்துக்குப் பத்து சிமிட்டல். பழைய கிளட்ச் மோட்டார் அப்படித்தான், சுவிட்ச் போட்டிருக்கும் வரை சுற்றிக்கொண்டே இருக்கும். சர்வோ மோட்டார் மிதிக்கும்போது மட்டும்தான் சுற்றும். வீட்டில் தைத்துச் சம்பாதிக்கும் பெண்கள் இதை அவசியம் பாருங்கள்.

படி 6: தண்ணீர் மோட்டாரைத் தனியாகக் கவனியுங்கள்

நம் பக்கத்தில் போர் ஆழம். ஆழத்திலிருந்து தண்ணீரைத் தூக்குவதற்குத்தான் பல வீடுகளில் அதிகம் கரண்ட் போகிறது, ஆனால் சந்தேகப் பட்டியலில் மோட்டார் வருவதே இல்லை. எங்களுடையது ஒன்றரை எச்.பி. ஓடும்போது அரை நிமிடத்தில் 48 சிமிட்டல், அதாவது 1800 வாட்.

சோதனை இதுதான்: காலி டேங்க் நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது? எங்கள் ஆயிரம் லிட்டர் டேங்க் தை மாதத்தில் 40 நிமிடத்தில் நிறைந்துவிடும். இப்போது 70 நிமிடம் ஆனது. தினம் அரை மணி கூடுதல் என்றால் பில்லுக்கு 54 யூனிட்.

நேரம் கூடினால் மூன்று காரணம் இருக்கலாம். கோடையில் நீர்மட்டம் இறங்கியிருக்கலாம். சுவிட்ச் போட்டு வெகுநேரம் கழித்துத்தான் டேங்கில் தண்ணீர் விழுகிறது என்றால் உள்ளே வால்வு தண்ணீரைப் பிடித்து வைக்காமல் திரும்ப விடுகிறது. மூன்றாவது, வழியில் எங்கோ குழாய் ஒழுகுகிறது. நாங்கள் போர் குழியிலிருந்து டேங்க் வரை குழாய் போகும் பாதையில் நடந்து பார்த்தோம். தோட்டமே காய்ந்து கிடக்க, குளியலறைக்குப் பின்னால் ஒரு முழம் இடத்தில் மட்டும் அருகம்புல் பச்சைப்பசேல் என்று நின்றது. தோண்டினால் எல்போ (குழாய் திரும்பும் இடத்தில் இருக்கும் இணைப்பு) விட்டுப்போய் மண்ணுக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒட்டியதும் டேங்க் நிறைய 42 நிமிடம்.

மாடியில் பிரஷர் பம்ப் வைத்திருப்பவர்கள் சொட்டும் பைப்பை உடனே சரிசெய்யுங்கள். ஒவ்வொரு சொட்டுக்கும் அழுத்தம் இறங்கி, பம்ப் ராத்திரியெல்லாம் தானாகப் போட்டுப் போட்டு நிற்கும்.

இன்வெர்ட்டர் 81, குழாய் 54, ஃபேன் 45. மொத்தம் 180. கூடியது 182. கணக்கு ஒத்துப்போனதும் வீட்டுக்காரர் மீட்டர் மேல் வைத்த சந்தேகத்தை விட்டுவிட்டார்.

படி 7: எல்லாம் சரி, ஆனாலும் கணக்கு ஒத்துவரவில்லை என்றால்

அப்போது மீட்டரைச் சந்தேகப்படலாம். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 எண்ணில் புகார் சொல்லலாம், அல்லது உங்கள் பகுதி மின்வாரிய அலுவலகத்தில் மீட்டரைப் பரிசோதிக்க எழுதிக் கொடுத்துக் கட்டணம் கட்டலாம். போகும்போது நோட்டைக் கையோடு கொண்டு போங்கள். தேதியும் ரீடிங்கும் எழுதியிருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

படி 8: வாரம் ஒரு தடவை ரீடிங்

ஞாயிறு காலையில் ரீடிங்கைக் காலண்டரில் எழுதுங்கள். கடைசியாக மின்வாரியம் எடுத்த ரீடிங்கைக் கழித்து, வந்ததை நாளால் வகுத்து, 60-ஆல் பெருக்கினால் இந்தப் போக்கில் பில் எங்கே போய் நிற்கும் என்று தெரிந்துவிடும். 500-ஐத் தாண்டும்போல இருந்தால் கீசரையும் இஸ்திரிப் பெட்டியையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ள அவகாசம் இருக்கும்.

எங்கள் வீட்டில் இப்போது அத்தைதான் கண்ணாடி போட்டுக்கொண்டு மீட்டரைப் பார்த்து எண்ணைச் சொல்கிறார், நான் எழுதுகிறேன். போன ஞாயிறு வரை 22 நாளில் 151 யூனிட்.