எம்.ஓ.எஃப். பொடியை அவசரப்பட்டுக் காயவைக்காதீர்கள்

2025 வேதியியல் நோபல் பரிசு கிடகாவா, ராப்சன், யாகி மூவருக்கும் கிடைத்ததிலிருந்து, எம்.ஓ.எஃப். என்கிற, உள்ளே நுண்துளைகள் நிறைந்த உலோக-கரிமச் சட்டகங்களிலும், அவற்றால் செய்து வாயுக்களைப் பிரிக்கும் மெம்பிரேன்களிலும் வேலை செய்யணும் என்று லேபுக்கு வரும் பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் வருகிற ஒவ்வொரு பேட்ச்சும் பழைய தவறுகளையே திரும்பச் செய்கிறது. கையுறை போடு, லேபிள் ஒட்டு என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

டி.எம்.எஃப். (படிகம் வளர்க்கும் கரைப்பான்) ஈரத்தோடு வேக்குவம் ஓவனில் வைப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. படிகம் அழகாக வளர்ந்திருக்கும், ஈரமாக இருக்கும்போதே எடுத்த எக்ஸ்ரேயில் எல்லாம் சரியான இடத்தில் இருக்கும், அன்று சாயங்காலமே பொடியை வேக்குவம் ஓவனில் வைத்து 150 டிகிரிக்குத் திருப்பிவிட்டுப் போய்விடுவார்கள். அப்புறம் நைட்ரஜனை உறிஞ்சவைத்து அளந்தால் துளைகளின் பரப்பளவே இருக்காது. உடனே தயாரிப்பில்தான் கோளாறு என்று முடிவுகட்டி விகிதம், வெப்பநிலை, அமிலம் என்று ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்குவார்கள். ஒரு மாணவி ஒரு செமஸ்டர் முழுக்க இப்படி அலைந்தாள். முதல் குப்பியில் டி.எம்.எஃப்.பிலேயே மிச்சமிருந்த பொடியை மெத்தனாலுக்கு மாற்றிக் காயவைத்தபோதுதான், அந்த முதல் தயாரிப்பே நல்லது என்று தெரிந்தது.

துளைக்குள் இருக்கும் திரவம் ஆவியாகும்போது அதன் பரப்பு இழுவிசை சுவர்களை உள்பக்கம் இழுக்கிறது, துளை சின்னதாக ஆக ஆக இழுப்பு கூடும். மழையில் நனைந்த புத்தகத்தின் தாள்கள் காய்ந்ததும் ஒட்டிக்கொள்கிற மாதிரி சட்டகம் மடங்கிவிடும். டி.எம்.எஃப்.பின் கொதிநிலை வேறு 153 டிகிரி, லேசில் வெளியேறாது.

அதனால் முதலில் புது டி.எம்.எஃப்.பால் கழுவி மிச்ச லிகண்டை (உலோகங்களை இணைக்கும் கரிம மூலக்கூறு) நீக்குங்கள், அப்புறம் சட்டகத்துக்கு ஒத்துவரும், லேசாக ஆவியாகும் கரைப்பானில் ஊறவிட்டு, சில நாட்களுக்குப் பலமுறை மாற்றுங்கள். யு.ஐ.ஓ.-66 என்கிற சிர்கோனியம் சட்டகத்துக்கு மெத்தனால் போதும். எம்.ஓ.எஃப்.-5 மாதிரி துத்தநாகச் சட்டகம் ஈரத்துக்கு உடைவது, அதற்கு உலர்த்திய குளோரோஃபார்ம் அல்லது டைகுளோரோமீத்தேன். நடுவில் பொடி காயவே கூடாது. கொஞ்சம் எடுத்துக் கரைத்து என்.எம்.ஆர்.இல் டி.எம்.எஃப். போய்விட்டதா என்று பார்த்த பிறகுதான் வெற்றிடம், அதுவும் அறை வெப்பநிலையில் தொடங்கி மெதுவாக. எச்.கே.யு.எஸ்.டி.-1 என்கிற செம்புச் சட்டகம் என்றால் நிறமே சொல்லிவிடும், வெளிர்நீலம் அடர் ஊதாநீலமாக மாறணும்.

கையாளும் விதம் இவ்வளவு முக்கியமா என்று கேட்பவர்களுக்கு: எம்.ஓ.எஃப்.-5இன் பரப்பளவாக ஆளுக்கொரு எண் வெளியாகிக்கொண்டிருந்தது. காற்றும் ஈரமும் படாமல் கையாண்டால் பி.இ.டி. மதிப்பு (வாயு உறிஞ்சலிலிருந்து கணக்கிடும் பரப்பளவு) கிராமுக்கு சுமார் 3,800 சதுர மீட்டர் வரும் என்று 2007இல் காட்டினார்கள். இன்னும் மென்மையான சட்டகங்களுக்கு மீமாறுநிலை (திரவம், வாயு என்ற வேறுபாடு மறையும் நிலை) கார்பன் டை ஆக்சைடால் உலர்த்துவதுதான் வழி. 2009இல் அமெரிக்க வேதியியலாளர் ஜோசப் ஹப்பின் குழு அப்படிச் செய்தபோது பரப்பளவு சிலவற்றில் 1200 சதவீதம் வரை உயர்ந்தது.

காய்ந்த பிறகு எக்ஸ்ரே எடுக்காமல் விடுவது

கட்டாயம் எடுங்கள்.

துளைகளிலிருந்து வாயு நீக்குவதற்கு முன் போட்ட எடையையே கணக்கில் வைப்பது

மறுபடி எடை போடுங்கள்.

பி.இ.டி. கணக்கை மென்பொருளிடம் விட்டுவிடுவது

0.05 முதல் 0.30 வரை என்ற பழைய சார்பழுத்த (p/p₀) வரம்பு நுண்துளைப் பொருளுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. சரியான வரம்பு எது என்று சொல்லும் ரூகெரோல் விதிகளைப் பார்த்து நீங்களே தேர்ந்தெடுங்கள், எந்த வரம்பு என்பதையும் எழுதுங்கள். ஒரே உறிஞ்சல் தரவை 61 ஆய்வகங்களுக்குக் கொடுத்தபோது விடைகள் எக்கச்சக்கமாக வேறுபட்டன என்று 2022இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

மெம்பிரேனில் ஓட்டை இருப்பதைக் கவனிக்காதது

வாயு வேகமாகப் போகிறது என்று குதிப்பதற்கு முன் தெரிவுத்திறனை, அதாவது ஒரு வாயு மற்றதைவிட எத்தனை மடங்கு கடக்கிறது என்பதைப் பாருங்கள். ஹைட்ரஜன்/கார்பன் டை ஆக்சைடில் 4.7 பக்கமாகவும் கார்பன் டை ஆக்சைடு/நைட்ரஜனில் 0.8 பக்கமாகவும் வந்தால், அது நுட்சென் ஓட்டம், அதாவது மூலக்கூறு எடையை மட்டும் பொறுத்து வாயுக்கள் பிரியும் ஓட்டம். படிகத் துளை வழியாக இல்லாமல் படிகங்களுக்கு நடுவே உள்ள விரிசல் வழியாகத்தான் வாயு போகிறது என்று சந்தேகப்படுங்கள். மேலே மெல்லிய சிலிக்கோன் பூச்சு கொடுத்துத் திரும்ப அளந்து பாருங்கள். தெரிவுத்திறன் எகிறினால் குறை விரிசலில்தான் இருந்தது. ஒற்றை வாயுவில் வந்த எண்ணோடு நிறுத்தாமல் கலவை வாயுவிலும், ஈரப்பதம் சேர்த்தும் சோதித்த பிறகு அட்டவணையில் ஏற்றுங்கள்.