மலை இல்லாத ஊரில் பாறை உருளும் கணக்கு

ராமநாதபுரம் கடற்கரையில் மலை ஏது? ராமேஸ்வரத்தின் கந்தமாதன பர்வதமே ஒரு மணல்மேடுதான். ஆனாலும் சரிவில் உருளும் பாறை எங்கே போய் நிற்கும் என்று கணினியில் கணக்கிடப் பழக இந்தக் கரையே போதும். மேட்டுப்பாளையம்–குன்னூர் மலை ரயில் பாதையில் மழைக்காலத்தில் பாறை விழுகிறதே, அதற்கும் இதே கணக்குதான்.

கணினியைத் திறக்கும் முன் ஒரு கூழாங்கல்லை எடுங்கள். தனுஷ்கோடி மணலில் 1 மீட்டர் உயரத்திலிருந்து விடுங்கள். பொத்தென்று புதையும், எழும்பாது. அதையே படகுத்துறை சிமெண்ட் தளத்தில் போட்டு, பக்கத்தில் அளவுகோல் வைத்து ஸ்லோமோஷனில் வீடியோ எடுங்கள். எழும்பிய உயரத்தை விழுந்த உயரத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் மீட்சியளிப்புக் குணகம், அதாவது கல் எவ்வளவு துள்ளும் என்பதன் அளவு. 16 செ.மீ. எழும்பினால் 0.4. மொத்தக் கணக்கும் இந்த எண்ணில்தான் தொங்குகிறது. ஆனால் கைக்கல்லின் எண்ணைப் பெரும்பாறைக்கு அப்படியே போடாதீர்கள். வேகமாக மோதும்போது பாறையும் தரையும் நொறுங்குவதால் துள்ளல் குறையும்.

அடுத்து, உயரக்கோட்டு வரைபடத்திலிருந்து (ஒரே உயரமுள்ள இடங்களைக் கோட்டால் இணைத்த வரைபடம்) சரிவின் குறுக்குவெட்டை எக்செலில் தூரம், உயரம் என்று இரண்டு வரிசையாக எழுதுங்கள்.

இனி கல்லைப் பறக்க விடலாம். 0.01 நொடிக்கு ஒரு வரி. கிடைவேகம் மாறாது, செங்குத்து வேகத்தில் ஒவ்வொரு நொடிக்கும் 9.81, அதாவது வரிக்கு 0.0981 கழியும். சரிபார்க்க, 20 மீட்டர் நேராக விழவிடுங்கள்: நொடிக்குச் சுமார் 19.8 மீட்டர் வேகம் வர வேண்டும். வராவிட்டால் பிழையைத் திருத்தாமல் மேலே போகாதீர்கள்.

கல் தரையைத் தொட்டதும் வேகத்தை இரண்டாகப் பிரியுங்கள். சரிவுக்குச் செங்குத்தான பங்கைத் திருப்பி, பழகுவதற்கு மட்டும் 0.4 ஆல் பெருக்குங்கள். சரிவை ஒட்டிய பங்கைக் கடினமான தரையென்றால் 0.85 ஆல். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். தரை சாய்ந்திருக்கும்போது மேல்-கீழ் வேகத்தை மட்டும் திருப்பினால் விடை தப்பு.

அப்புறம், எந்த மலையும் வழவழப்பாக இருப்பதில்லை. ஒவ்வொரு மோதலிலும் சாய்வைச் சில பாகை தற்செயலாக மாற்றி, 1,000 கற்களை விடுங்கள். இதற்குப் பைத்தான் நிரல்மொழி வசதி. சராசரியை நம்பாதீர்கள், சாலையைத் தாண்டியவை எத்தனை என்று எண்ணுங்கள். வீட்டுக்குள் விழுவது அந்தச் சில கற்கள்தான். ஒரு கனமீட்டர் கருங்கல் ஏறக்குறைய 2,700 கிலோ. 20 மீட்டர் விழுந்தால் 530 கிலோஜூல் ஆற்றல். தடுப்புவலை தாங்க வேண்டியது அதை.

கடைசியாக, அடிவாரத்தில் சாலையோரம் ஒரு பள்ளம் வரைந்து, அங்கே மட்டும் மணலில் உங்களுக்குக் கிடைத்த குணகத்தை (எழும்பாததால் 0) போட்டு மறுபடி ஓட்டுங்கள். எத்தனை கற்கள் பள்ளத்திலேயே அடங்குகின்றன என்று பாருங்கள்.