தார் பாலைவன மாரத்தான்: கொங்கு நாட்டிலிருந்தே தயாராவது எப்படி?

பாலைவனத்தில் 42.195 கி.மீ. ஓடுவதா என்று தயங்குபவர்கள் பெரும்பாலும் வெயிலை நினைத்துத்தான் தயங்குகிறார்கள். ராஜஸ்தானின் ஜெய்சால்மர் பக்கம் ஓடுவதற்கு ஏற்ற காலம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. அப்போது அங்கே பகல் வெப்பம் 25 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். பங்குனி மாதத்து ஈரோடு அதைவிடச் சூடு. முதல் முறை போகிறவர்களைப் பாதி வழியில் உட்கார வைக்கும் காரணங்கள் வேறு: ஷூவுக்குள் நுழையும் மணல், கணக்குத் தெரியாமல் குடிக்கும் தண்ணீர். இந்த இரண்டையும் ஊரில் இருந்தே பழகிக்கொள்ளலாம்.

இந்தக் குறிப்பு, 10 கி.மீ. தூரத்தை நிற்காமல் ஓடக்கூடிய, ஒரு அரை மாரத்தானாவது முடித்தவர்களுக்கானது. இன்னும் அங்கே வரவில்லை என்றால் ஓர் ஆண்டு பொறுங்கள், மணல் எங்கும் போய்விடாது. 40 வயதைத் தாண்டியவர்களும், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களும் முதலில் மருத்துவரைப் பார்த்து ஈசிஜி, டிரெட்மில் பரிசோதனை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடுவது நீர் பிரிய வைக்கும் மாத்திரை என்றால் அதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

படி 1: வேகக் கணக்கை மறந்துவிடுங்கள்

பொதபொதவென்று இருக்கும் மணலில் ஓட, கெட்டித் தரையைவிட ஏறக்குறைய 1.6 மடங்கு சக்தி செலவாகும். கால் அழுத்தும் விசையில் ஒரு பங்கை மணலே விழுங்கிக்கொள்கிறது. தார்ச்சாலையில் ஒரு கி.மீ. தூரத்தை 6½ நிமிடத்தில் ஓடுபவர் மணலிலும் அதே வேகத்தைப் பிடிக்கப் பார்த்தால் 15ஆவது கி.மீ. தாண்டுவதற்குள் கால் காலியாகிவிடும். சமதளத்தில் 4½ மணி நேரத்தில் மாரத்தான் முடிப்பவர் இங்கே 6 முதல் 7 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். எனவே பயிற்சி முழுவதையும் நிமிடத்தில் கணக்கிடுங்கள். மூச்சு வாங்காமல் இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச முடிந்தால் அதுதான் உங்கள் வேகம்.

படி 2: ஆடியில் தொடங்கி தையில் ஓடுவது

24 வாரம் வேண்டும். நம் பருவங்கள் இதற்குத் தோதாகவே அமைகின்றன.

ஆடி, ஆவணி: வாரம் நான்கு நாள் ஓட்டம். இரண்டு நாள் 45 நிமிடம் மெதுவாக. ஒரு நாள் படியேற்றம். சென்னிமலையின் 1,320 படிகளை ஏறி இறங்கினால் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் போதுமான வேலை. ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம், 75 நிமிடத்தில் தொடங்கி 2 மணி நேரம் வரை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்று இந்த மாதங்களில் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் மண்ணை வாரி முகத்தில் அடிக்கும். பலர் அதற்குப் பயந்து ஜிம்முக்குள் போய்விடுகிறார்கள். தார் பாலைவனத்துக்குப் போகிறவருக்கு இதைவிட நல்ல பயிற்சிக்களம் கிடைக்காது. பக்கவாட்டையும் மூடும் கண்ணாடி, கழுத்தில் மூக்கு வரை இழுத்துவிடும் துணி, இரண்டையும் போட்டுக்கொண்டு காற்றை எதிர்த்து ஓடிப் போய், காற்றோடு திரும்புங்கள். கண்ணாடி மூக்கில் வழுக்குகிறதா, துணி நனைந்ததும் மூச்சு அடைக்கிறதா என்பதெல்லாம் இங்கேயே தெரிந்துவிடும்.

புரட்டாசி, ஐப்பசி: மணல் பழகும் காலம். வாரம் ஒரே ஒரு நாள், முதல் வாரம் 15 நிமிடம். பிறகு வாரம் 10 நிமிடம் கூட்டி ஒரு மணி நேரத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். எடுத்த எடுப்பில் ஒரு மணி நேரம் மணலில் ஓடுபவர்களுக்குக் குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாண் வீங்கிவிடும், அது ஆற இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம். தாராபுரத்தை ஒட்டிய அமராவதி, கொடுமுடிப் பக்கக் காவிரி என்று மணல் தெரியும் இடங்களில் பழகலாம். மணல் அள்ளிய குழிகளைப் பகல் வெளிச்சத்தில் முதலில் நடந்து பார்த்துவிட்டுத்தான் ஓட வேண்டும். அணையில் தண்ணீர் திறக்கிறார்களா என்று விசாரிக்காமல் ஆற்றுக்குள் இறங்கவே கூடாது.

ஐப்பசி மழையில் ஆறு ஓடத் தொடங்கிவிட்டால் உழுது போட்ட காடு இருக்கிறது. கலப்பையில் உழுத காட்டில் கட்டிகள் கிடக்கும், கணுக்கால் பிசகும். ரோட்டாவேட்டர் ஓட்டிப் பொடியாக்கிய செம்மண் காடாகப் பார்த்து, காட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு, விதைப்புக்கு முன்னால் ஓரமாக ஓடுங்கள். மழை பெய்த மறுநாள் வேண்டாம். மண் ஷூவில் அப்பிக்கொண்டு ஒவ்வொரு காலும் அரைக் கிலோ கூடிவிடும்.

காங்கேயம், மூலனூர் வட்டாரத்துக் கொறங்காடும், அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலமும், நல்ல களம். தார் என்றால் எல்லாம் மணல்மேடு என்று நினைக்க வேண்டாம். ஜெய்சால்மரைச் சுற்றிப் பெரும்பகுதி சரளைக்கல்லும் புதருமான சமவெளி. சம், குரி போன்ற இடங்களில்தான் பெரிய மணல்மேடுகள். சரளையும் கொழுக்கட்டைப் புல்லும் கிளுவை வேலியுமாக இருக்கும் கொறங்காடு அந்தச் சமவெளிக்கு மிக நெருங்கிய தரை. உள்ளே போனதும் படலைச் சாத்திவிடுங்கள், மாடு வெளியேறினால் அடுத்த முறை யாரும் விட மாட்டார்கள்.

கார்த்திகை, மார்கழி: நீண்ட ஓட்டம் 3 மணி நேரத்திலிருந்து அரை மணி நேரமாகக் கூடி 5 மணி நேரம் வரை. அந்த 5 மணி நேர ஓட்டம் பந்தயத்துக்கு 4 வாரம் முன்னதாக முடிந்திருக்க வேண்டும். கீழ்பவானி வாய்க்கால் கரையின் மண்பாதை இதற்குப் பொருத்தம்: சுமார் 200 கி.மீ. நீள வாய்க்கால், வண்டி குறைவு. இரண்டு முறையாவது சனிக்கிழமை 2 மணி நேரம், மறுநாள் களைத்த காலோடு 3 மணி நேரம் ஓடிப் பாருங்கள். கடைசி 3 வாரம் ஓட்ட நேரத்தை 70, 50, 30 சதவீதமாகக் குறைத்துக்கொண்டே வரவும். ஒத்திகைக்கு ஒரு முறை திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டுக்குப் போய்வர முடிந்தால் போய்வாருங்கள். அந்தச் செம்மணல் மேடுகளில் ஏறி இறங்கியவருக்குத் தார் புதிதாக இருக்காது. வனத்துறை நிலம் இருப்பதால் அனுமதி கேட்டுக்கொண்டு போங்கள்.

படி 3: மணலைப் பார்த்துக் கால் வைப்பது

மணல்மேட்டுக்கு இரண்டு பக்கம். காற்று வந்து மோதும் பக்கம் சரிவு குறைவு, மேலே சின்னச் சின்ன அலைவரிகள் தெரியும், மணல் இறுகியிருக்கும். மறுபக்கம் வழவழவென்று, 30 டிகிரிக்கு மேல் செங்குத்தாக, கால் வைத்தால் முழங்கால் வரை சரியும். ஏறுவது அலைவரிப் பக்கம், இறங்குவது வழவழப்புப் பக்கம் என்று பாதை அமைந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் நேராக ஏறாமல் குறுக்கும் மறுக்குமாக ஏறுங்கள், முன்னால் போனவர் மிதித்த அதே தடத்தில் மிதியுங்கள். இறங்கும்போது உடலைச் சற்றே பின்னால் சாய்த்துக் குதிகாலை ஊன்றி இறங்கலாம்.

ஓடும்போது அடியைக் குறுக்கி, பாதத்தை முழுதாக வைத்து எடுங்கள். முன்னங்காலால் உந்தினால் மணல் பின்னால் பறக்கும், நீங்கள் நின்ற இடத்தில் இருப்பீர்கள். மேடு வந்தால் நடப்பது, சரளை வந்தால் ஓடுவது என்பதைத் தொடக்கத்திலிருந்தே கடைப்பிடிக்க வேண்டும். விடியற்காலையில் பனி இறங்கிய மணல் கொஞ்சம் கெட்டியாக இருக்கும், வெயில் ஏற ஏற உதிரும். எனவே முதல் இரண்டு மணி நேரத்தில் மேடுகள் வந்தால் அவற்றைச் சோம்பாமல் கடந்துவிடுங்கள்.

படி 4: ஷூவும் மணல் உறையும்

அரை அளவு முதல் ஓர் அளவு வரை பெரிய ஷூ வாங்குங்கள். பல மணி நேரத்தில் பாதம் வீங்கும், சரியான அளவு ஷூவில் கட்டை விரல் நகம் கறுத்துவிடும். மேல்பகுதி வலை கண்ணுக்கு எதிரே வெளிச்சம் தெரியும்படி இருந்தால் வேண்டாம், தார் மணல் மாவு போல நுழைந்துவிடும். நெருக்கமான நெசவு பாருங்கள்.

அதற்கு மேல் ஓர் உறை தேவை. கெய்ட்டர் என்பார்கள். ஷூவின் அடிப்பாகம் தொடங்கி முழங்காலுக்குக் கீழ் வரை மூடும் துணிக்குழாய் அது. திருப்பூர் நம் பக்கத்தில் இருக்கையில் வெளியூரில் தேட வேண்டியதில்லை. லைக்ரா கலந்த நைலான் துணி அரை மீட்டர், 2 செ.மீ. அகல வெல்க்ரோ ஒன்றரை மீட்டர், மேல் ஓரத்துக்கு எலாஸ்டிக், இவ்வளவுதான். பருத்தித் துணி கூடாது; வியர்வையில் ஊறி மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

வெல்க்ரோவின் ஒரு பட்டியை ஷூவைச் சுற்றி, அடி ரப்பர் முடியும் இடத்துக்குச் சற்று மேலே தைக்க வேண்டும். செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துக் கைத்தையலாகவே போடச் சொல்லுங்கள். பசை வைத்து மட்டும் ஒட்டினால் சூட்டில் இளகிக் கழன்றுவிடும். முதலில் பெயர்வது எப்போதும் முன்விரல் வளைவில்தான். தைத்து முடித்ததும் ஷூவுக்குள் கையை விட்டு ஓரம் முழுவதும் தடவிப் பாருங்கள். நூல் முடிச்சு விரலில் தட்டுப்பட்டால் அதே இடத்தில் பாதத்தில் கொப்புளம் வரும். முடிச்சை வெளிப்பக்கம் மாற்றிப் போடச் சொல்லுங்கள். மறு பட்டியை உறையின் கீழ் ஓரத்தில் தைத்தால் வேலை முடிந்தது. இந்த ஷூவிலேயே குறைந்தது 50 கி.மீ. ஓடியிருக்க வேண்டும். முட்களும் இருப்பதால் இந்த உறை சமவெளியிலும் கழற்றக் கூடாது. அங்கே கேஜ்ரி என்று கும்பிடும் மரம் நம் கோயில்களில் நிற்கும் வன்னிதான், அதன் முள் எப்படி என்று நமக்குத் தெரியும்.

கொப்புளம் வரும் இடங்களில் முதல் நாள் இரவே மருந்துக்கடை காகித டேப்பை, மைக்ரோபோர் என்று கேட்டால் தருவார்கள், ஒரே அடுக்காகச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். பாலைவனம் உள்ளிட்ட பல நாள் நெடுந்தூர ஓட்டங்களில் 128 பேரிடம் செய்து 2016ல் வெளியான ஆய்வில், இந்தச் சாதாரண டேப் கொப்புளங்களை 40 சதவீதம் குறைத்தது.

படி 5: தண்ணீரும் உப்பும்

இதில் தவறினால் உயிருக்கே ஆபத்து. வறண்ட காற்றில் வியர்வை தோலில் தங்காது. சட்டை நனையாததால் வியர்க்கவில்லை என்று தோன்றும். சட்டையில் வெள்ளைப் பூத்த பிறகுதான் இழந்தது தெரியும்.

உங்கள் வியர்வை அளவை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஓடுமுன் உடையில்லாமல் எடை பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடி, துடைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள். 68.0 கிலோ 67.3 ஆகி, நடுவில் 300 மி.லி. குடித்திருந்தால் உங்கள் வியர்வை மணிக்கு 1 லிட்டர். மழைக்காலத்தில் ஒரு முறை, மார்கழி வறட்சியில் ஒரு முறை என இரண்டு கணக்கும் குறித்து வையுங்கள். இழந்ததை முழுதாக ஈடுகட்ட வேண்டியதில்லை. தாகத்தைக் கேட்டு மணிக்கு 400 முதல் 700 மி.லி. பெரும்பாலானவர்களுக்குப் போதும்.

அதிகம் குடிப்பது குறைவாகக் குடிப்பதைவிட மோசமாக முடியலாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் சோதித்த 488 பேரில் 13 சதவீதம் பேருக்கு உப்பிலுள்ள சோடியம் ரத்தத்தில் தாழ்ந்திருந்தது. ஓட்டத்தில் எடை கூடியவர்களுக்கே அந்த ஆபத்து அதிகம். விரல் வீங்கி மோதிரம் இறுகுவது, குமட்டல், தலைவலி மூன்றும் சேர்ந்தால் வெறும் தண்ணீரை நிறுத்திவிட்டு உதவி கேளுங்கள்.

கரைசல் ஒரு லிட்டருக்கு: நாட்டுச்சர்க்கரை 40 கிராம், உப்பு 1.5 கிராம், அரை எலுமிச்சை. 1.5 கிராம் உப்பில் சுமார் 600 மி.கி. சோடியம் இருக்கும். சமையலறைத் தராசில் எடை போட்டு வீட்டிலேயே பொட்டலம் கட்டிக்கொள்ளுங்கள். கை அளவில் போட்டால் கரித்து வாந்தி வரும். வழியில் மறுபடி நிரப்பிக்கொள்ள முடியுமென்றால், முதுகுப்பையில் உறிஞ்சுகுழாய் உள்ள 1.5 லிட்டர் தண்ணீர்ப் பை போதும். குடித்த பின் குழாயில் மிஞ்சும் நீரை ஊதி உள்ளே தள்ளிவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த வாய் சுடுநீராக வரும்.

படி 6: தின்பண்டம்

மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. கரைசலும் இந்தக் கணக்கில் சேரும். கடலை மிட்டாய் நம் பக்கம் எல்லார் பையிலும் இருக்கும், ஆனால் உலர்ந்த வாயில் மென்று விழுங்க முடியாது. பேரீச்சை, உப்புத் தூவிய அவித்த உருளைக்கிழங்கு, கருப்பட்டித் துண்டு எளிது. முந்தைய இரவு காரமில்லாத அரிசிம்பருப்புச் சாதம் போன்ற பழகிய உணவு. அங்கே போய்ப் புதிதாக எதையும் சோதிக்க வேண்டாம்.

படி 7: அன்றைய நாள்

இரண்டு நாள் முன்னதாகப் போய்ச் சேருங்கள். ஜோத்பூரிலிருந்து ஜெய்சால்மர் சுமார் 280 கி.மீ. ஜனவரி விடியற்காலையில் 8 டிகிரிக்கும் கீழே இறங்கும். கோயம்புத்தூர் மார்கழிக் குளிரை மனத்தில் வைத்து ஒரு பனியனோடு போனால் நடுங்கிப்போவீர்கள். பழைய முழுக்கைச் சட்டை ஒன்றை மேலே போட்டுக்கொண்டு, வெயில் ஏறியதும் இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். தலைவிளக்கு, விசில், பாதையை இறக்கிவைத்த கடிகாரம் அல்லது கைபேசி அவசியம். ஒரு குறிக்கொடியைத் தாண்டி அடுத்தது கண்ணில் படவில்லை என்றால் திரும்பி முந்தைய கொடிக்கு வாருங்கள்.

மணற்புயல் வந்தால் நின்றுவிடுங்கள். காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, முகத்தை மூடி, அடங்கும்வரை நகராதீர்கள். 1994ல் மொராக்கோவின் மரத்தான் தெ சாப்ல் பந்தயத்தில் இத்தாலியரான மௌரோ பிரோஸ்பெரி புயலுக்குள் தொடர்ந்து ஓடி வழி தவறி, ஒரு வாரத்துக்கும் மேல் அலைந்து அல்ஜீரியாவில் மீண்டார்.

கூட ஓடுபவர் தள்ளாடினாலோ, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ அது வெப்பத்தாக்காக இருக்கலாம். நிழலில் கிடத்தி, கையில் உள்ள தண்ணீரை எல்லாம் உடம்பில் ஊற்றி விசிறுங்கள். குளிர்விப்பது முதலில், வண்டி ஏற்றுவது பிறகு. வலி தாங்காமல் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரை போட வேண்டாம். நீர் வற்றிய உடலில் அவை சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

முடித்த பிறகு டேப்பை இழுத்துப் பிய்க்காமல் வெந்நீரில் ஊறவைத்து எடுங்கள். வலிக்காத கொப்புளத்தை உடைக்காதீர்கள். அடுத்த இரண்டு நாள் சிறுநீரின் நிறத்தைக் கவனியுங்கள்: மஞ்சள் என்றால் கரைசல் குடித்தால் தெளியும், கடுங்காப்பி நிறத்தில் போனால் தசை சிதைந்து ரத்தத்தில் கலந்திருக்கிறது, அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.