பிரண்டைத் துவையல்: நாக்கு அரிக்காமல் அரைப்பது எப்படி?

போன வருடம் முதன்முதலாகப் பிரண்டைத் துவையல் அரைத்த அன்று ராத்திரி, இரண்டு கையையும் புளித்தண்ணீரில் முக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாமனார் பாவம், "நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்தடுத்து நாலு டம்ளர் மோர் குடித்தார். அப்புறம் ஏழெட்டு முறை அரைத்தாயிற்று. இப்போது அரிப்பதில்லை. தாளிப்பது, மிக்ஸியில் அரைப்பதெல்லாம் உங்களுக்கே தெரியும் என்பதால் நான் இடறின இடத்தை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

தேவையானவை: நறுக்கிய இளம் பிரண்டை ஒரு கப், உளுத்தம்பருப்பு 2 மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய் 5, பெரிய நெல்லிக்காய் அளவு புளி, தேங்காய்த் துருவல் 2 மேசைக்கரண்டி, பெருங்காயம், உப்பு, நல்லெண்ணெய் 3 மேசைக்கரண்டி. எண்ணெய் அதிகம் என்று தோன்றும். குறைக்காதீர்கள், காரணம் பின்னால் வரும்.

1. வாங்குவது

கீரை விற்கும் அம்மாவிடம் கேட்டால் கிடைக்கும். நாலு பட்டையாக இருக்கும் சாதாரணப் பிரண்டையே போதும். உருட்டுப் பிரண்டை, முப்பிரண்டை, ஓலைப் பிரண்டை என்று வேறு வகைகளும் உண்டு, நான் சமைத்ததில்லை. ஒடித்துப் பாருங்கள். பட்டென்று ஒடிந்தால் இளசு. நார் இழுத்துக்கொண்டு வந்தால் முற்றல். கொடியின் நுனியிலிருந்து ஒரு சாண் வரைதான் துவையலுக்கு ஆகும்.

2. சுத்தம் செய்வது

நான் முதலில் சறுக்கியது இங்கேதான். பிரண்டைக்குள் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் ஊசி ஊசியாக இருக்கின்றன. வெட்டினதும் சாறோடு வெளியே வந்து தோலில் குத்தும். சேப்பங்கிழங்கு, கருணைக்கிழங்கு அரிப்பதும் இதே சமாச்சாரம். எனக்கு அது தெரியாமல் வெறுங்கையோடு குழாயடியில் நறுக்கினேன். அரிக்க ஆரம்பித்ததும் தண்ணீர் விட்டுத் தேய்க்க, விரலிடுக்கில் இருந்தது முழங்கை வரைக்கும் பரவியது.

இப்போது செய்வது இது. முழுக் கொடியாகவே கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்துவிடுகிறேன். கையில் மணிக்கட்டு வரை நல்லெண்ணெய். கையுறை எனக்குப் பிடிக்காது, கத்தி வழுக்குகிறது. கணுவுக்குக் கணு வெட்டி, கணுவைத் தனியே எடுத்துவிட வேண்டும். இலையும் சுருள் கம்பியும் வேண்டாம். மிச்சத் தண்டில் நாலு ஓரத்தையும் பீன்ஸுக்கு நார் உரிப்பதுபோல் உரித்துவிட்டு, விரற்கடை அளவில் நறுக்குங்கள்.

எடுத்த கணுக்களைக் குப்பையில் போடாதீர்கள். இரண்டை ஒரு பழைய தொட்டியில் செருகி வைத்தேன். தண்ணீர் ஊற்ற மறந்த நாட்களே அதிகம், ஆனாலும் பால்கனிக் கம்பியில் ஏறிவிட்டது.

3. வதக்குவது

இதுதான் முக்கியம். முதல் தடவை, உடம்புக்கு நல்லது என்று நினைத்து நான்-ஸ்டிக்கில் அரை ஸ்பூன் எண்ணெய் விட்டு மூன்று நிமிடம் வதக்கினேன். மாமனார் குடித்த மோருக்கு அதுதான் காரணம்.

என் ஓட்டு இரும்புக் கடாய்க்கு. எண்ணெய் காய்ந்ததும் பருப்பையும் மிளகாயையும் சிவக்க வறுத்து எடுத்துவிட்டு, அதே எண்ணெயில் பிரண்டையைப் போட்டுச் சிறுதீயில் வதக்குங்கள். முதலில் பளிச்சென்ற பச்சை. ஐந்து நிமிடத்தில் நிறம் மங்கும். ஏமாந்து இறக்கிவிடாதீர்கள். துண்டுகள் சுருங்கி, ஓரம் பழுப்பாகி, பச்சை வாசனை போய் வறுத்த வாசனை வர பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். கடைசியில் புளியைப் பிய்த்துப் போட்டு ஒரு பிரட்டு பிரட்டி, உடனே தட்டுக்கு மாற்றுங்கள். புளியோடு இரும்பில் விட்டால் கறுத்துப்போகும்.

4. அரைப்பது

ஆறினதும் பருப்பு, மிளகாய், உப்பு, பெருங்காயம், தேங்காயோடு சேர்த்துக் கெட்டியாக அரையுங்கள். நாக்கு நுனியில் துளி வைத்து இரண்டு நிமிடம் பொறுங்கள். சுரசுரவென்று இருந்தால் இன்னும் கொஞ்சம் புளி சேர்த்து, எண்ணெயில் இன்னொரு தடவை சுருள வதக்கிவிடுங்கள்.

சூடான சோறு, நல்லெண்ணெய், சுட்ட அப்பளம். அப்பள மாவிலேயே பிரண்டைச் சாறு சேர்க்கிற வழக்கமும் உண்டு. பல வீடுகளில் திவசச் சமையலிலும் இந்தத் துவையல் கட்டாயம்.

உடம்புக்கு என்ன?

சித்த மருத்துவத்தில் இதற்கு வச்சிரவல்லி என்று பெயர். பசியின்மை, செரியாமை, மூலம், எலும்பு முறிவு என்று பலவற்றுக்குச் சொல்கிறார்கள். பிள்ளை மனம் நோகடித்தால் "பெத்த வயித்துல பிரண்டையை வச்சுக் கட்டிக்கணும்" என்று அம்மாக்கள் புலம்புவதும் இதே பிரண்டையை வைத்துத்தான். என் அனுபவத்தில், வாய்க்கு ருசியே இல்லாத நாட்களில் இரண்டு பிடி சோறு கூடுதலாக இறங்குகிறது. அதற்கு மேல் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். கால்சியம் நிறைய என்பது சரிதான், ஆனால் ஆக்சலேட்டோடு பிணைந்திருக்கும் கால்சியம் உடம்பில் சரியாகச் சேராது. எலும்பு முறிந்தால் கட்டுப் போட டாக்டரிடம்தான் போக வேண்டும். சிறுநீரகக் கல் இருப்பவர்கள் கேட்டுக்கொண்டு சாப்பிடுங்கள்.

பின்சேர்க்கை: பின்னூட்டத்தில் ஒருவர், கையில் எண்ணெய் தடவியும் கழுத்தெல்லாம் அரித்தது என்று எழுதியிருந்தார். நறுக்குகிற நடுவே வியர்வையைத் துடைத்திருக்கிறார். தோளில் ஒரு துண்டு போட்டுக்கொள்ளுங்கள், அதையும் மறக்காமல் தனியாகத் துவையுங்கள். இன்னொருவருக்கு நன்றாக வதக்கியும் நாக்கு அரித்ததாம். விசாரித்ததில், கணுவையும் சேர்த்தே நறுக்கிப் போட்டிருக்கிறார்.